அத்தை கை நனைத்த விருந்து

என் அத்தை யார் வீட்டிலும் கை நனைக்க மாட்டாள். பாளையங்கோட்டையில் எங்கள் சபை முழுவதற்கும் இது தெரியும். கல்யாணப் பந்தியில் இலை போட்டுக்கொண்டு வருகிறவர்கள், அவள் முன்னால் வந்ததும் தண்ணீரை மட்டும் வைத்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடுவார்கள். அவள் பனையோலைக் கொட்டானைத் திறந்து, தானே வடித்துக் கட்டிக்கொண்டு வந்த சோற்றையும் துவையலையும் எடுத்து வைத்துக்கொண்டு, இரண்டு பக்கத்தாரோடும் பேசிச் சிரித்தபடி சாப்பிடுவாள். பார்க்கிறவர்களுக்குத்தான் தொண்டையில் இறங்காது.

அப்பாவுக்கு மூத்தவள். கல்யாணமாகிச் சில வருஷத்திலேயே புருஷனைப் பறிகொடுத்து, பிள்ளையும் இல்லாமல் திரும்பி வந்தவள். மிஷனில் பைபிள் அம்மா வேலை பார்த்தாள். வெள்ளைச் சேலையும் முழங்கை மறைக்கிற ரவிக்கையுமாக, ஆம்பிளைக் குடை ஒன்றைப் பிடித்துக்கொண்டு, தெருத்தெருவாகப் போய் வீட்டுப் பெண்களுக்கு வேதம் வாசித்துக் காட்டுவாள். எங்கள் வீட்டை ஒட்டிய அறையில் இருந்தாள். கூரை ஒன்றுதான், அடுப்பு வேறு. எங்களிடம் கருப்பட்டிக் காப்பி குடிப்பாள், வாழைப்பழம் தின்பாள், இளநீர் வெட்டினால் முதல் ஆளாக வருவாள். உப்புப் போட்ட எதையும் தொடமாட்டாள். அம்மா மீன்குழம்பு வைக்கிற அன்றைக்கு, மணம் தெருமுக்கு வரைக்கும் வருகிறது என்று வாயார மெச்சுவாள். ஒரு கரண்டி ஊற்றட்டுமா மதினி என்று அம்மா கேட்டால் எழுந்து போய்விடுவாள்.

ஏன் அத்தை என்று சின்னப் பிள்ளையில் கேட்டிருக்கிறேன். "உப்பைத் தின்னா அவாளுக்குக் கட்டுப்படணும்ட்டி. பொறவு வாய் நம்ம வாயா இருக்காது" என்றாள். வருஷத்துக்கு ஒரு தடவை கோயிலில் நடக்கிற அசனம் என்ற பொது விருந்தில் மட்டும் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுவாள். அதற்கும் முதல் நாளே தன் பங்கு அரிசியையும் ஒரு கோழியையும் கொண்டுபோய்ப் பொதுச் சமையலில் சேர்த்துவிடுவாள். என் அரிசியும் அந்தக் கொப்பரையில்தானே கிடக்கிறது என்பாள். உப்பும் தனியாக ஒரு படி கொடுத்தாள் என்று பெண்கள் கேலி பேசுவார்கள். கொடுத்திருந்தாலும் கொடுத்திருப்பாள்.

அந்த வாய் எனக்கு அவ்வளவு பிடிக்கும். யாருக்கும் கட்டுப்படாத வாய். எங்கள் பெண்கள் பள்ளி விடுதியில் புழுத்த அரிசியைப் பொங்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். விடுதிப் பிள்ளைகள் சொன்னால் அடி விழும், வாத்தியாரம்மாக்கள் சொன்னால் வேலைக்கு ஆபத்து. ஒருநாள் பள்ளியை நடத்திய வெள்ளைக்காரத் துரைசானி அம்மாள் அத்தையைப் பங்களாவுக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து, தட்டில் பிஸ்கோத்து வைத்தாள். அத்தை அதை அப்படியே கைக்குட்டையில் முடிந்துகொண்டு, முதலில் அரிசி விஷயத்தைப் பேசினாள். வெளியே வந்து வாசலில் படுத்திருந்த நாய்க்குப் பிஸ்கோத்தைப் போட்டாள். அடுத்த வாரம் விடுதிக்குப் புது அரிசி வந்தது. நான் அன்றைக்கு அவள் குடையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். வளர்ந்தால் இவளைப்போல் ஆகவேண்டும் என்று நினைத்தேன். நினைத்ததை இப்போது மறைப்பானேன்.

இந்த வைராக்கியம் எங்கிருந்து வந்தது என்பதை அம்மாதான் எனக்குச் சொன்னாள். அத்தை வாழ்க்கைப்பட்டது சேரன்மகாதேவியில். புருஷன் விஷக்காய்ச்சலில் கிடந்த நாற்பது நாளும் பக்கத்து வீட்டுக்காரி மூன்று வேளையும் சோறு கொடுத்தனுப்பினாள். பெரிய வயல்காரக் குடும்பம், நல்ல மனசுக்காரிதான். புருஷன் பிழைக்கவில்லை. மறு மாதம் அந்த வீட்டில் குழந்தையின் வெள்ளி அரைஞாண் காணாமல் போயிற்று. நெல் குத்த வருகிற பெண் எடுத்துவிட்டாள் என்று வீட்டுக்காரி ஊரைக் கூட்டினாள். எடுத்தது வீட்டுக்காரியின் தம்பி. அத்தை அதைக் கண்ணால் பார்த்திருந்தாள். உனக்கு ஏதாவது தெரியுமா என்று ஊர்ப் பெரியவர்கள் கேட்டபோது அத்தை நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நெல் குத்தியவளை அவள் பிள்ளைகளோடு ஊரைவிட்டு விரட்டினார்கள். "நாப்பது நாள் சோறு தொண்டைக்குள்ள அடைச்சிட்டு நின்னுச்சு" என்று அத்தை அம்மாவிடம் சொல்லி அழுதாளாம். அதற்குப் பிறகுதான் கொட்டானும் தனி அடுப்பும்.

இதைக் கேட்ட அன்று நான் அத்தையின் மடியில் போய்ப் படுத்துக்கொண்டேன். இப்படி ஒரு மனுஷி நம் பக்கம் இருக்கும்போது நமக்கு என்ன குறை என்று இருந்தது. அவள் நம் பக்கம் என்பதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

என் ஒன்பதாவது வயதில் எனக்கு வலிப்பு வந்தது. அப்பா மிஷன் பள்ளிகளைப் பார்வையிடுகிற வேலையில் மாதத்தில் இருபது நாள் வண்டியிலேயே ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த காலம். அம்மா அலறிய சத்தத்தில் அத்தை ஓடிவந்தாள். மந்திரம், தாயத்து, சகுனம் எல்லாவற்றையும் தெருத்தெருவாகக் கண்டித்துக்கொண்டு திரிந்தவள், இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை அவிழ்த்து என் கையில் திணித்தாள். வலிப்புக்கு இரும்பு என்று ஊரார் செய்கிறதைத்தான் அவளும் செய்தாள். பன்னிரண்டு வயதுக்குள் இன்னும் இரண்டு முறை வந்தது. அப்புறம் வரவே இல்லை. மூன்று முறையும் அப்பா ஊரில் இல்லை. பெண்பிள்ளை, வெளியே தெரிந்தால் வாழ்வு போய்விடும், உங்கள் தம்பிக்குக்கூடத் தெரியவேண்டாம் என்று அம்மா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அத்தை பதில் சொல்லவில்லை. அம்மா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். எனக்குப் பதினான்கு நடக்கும்போது அம்மா இறந்துபோனாள். அதன்பின் அந்த விஷயம் தெரிந்தவர்கள் உலகத்தில் நானும் அத்தையும்தான்.

சீமையில் பெரிய சண்டை மூளுவதற்கு இரண்டு வருஷம் முந்தி எனக்கு மாப்பிள்ளை அமைந்தது. நான் அப்போது பெண்கள் பள்ளியில் வாத்தியாரம்மா. அவர் விக்கிரமசிங்கபுரத்தில் நூல் மில்லில் எழுத்து வேலை பார்த்தார். தாய் தகப்பன் இல்லை. முருகன்குறிச்சியில் இருந்த பெரியப்பாதான் வளர்த்தவர். எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை சொல்ல யாராவது உண்டா என்று குருவானவர் சபையைப் பார்த்துக் கேட்பார். எங்களுக்கு இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. இரண்டு தடவையும் யாரும் எழுந்திருக்கவில்லை. அத்தையும் என் பக்கத்தில் சும்மா இருந்தாள். குருவானவர் ஏட்டை மூடினார்.

மூன்றாவது ஓலைக்கு முந்தின வாரம் மாப்பிள்ளை பத்து நாள் ரஜாவில் வந்து பெரியப்பா வீட்டில் தங்கியிருந்தார். அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். மில்லில் துரைமார்கள் கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய் ஒருவேளை ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது வழக்கமாம். தனக்கும் அப்படி ஓர் ஆசை, தப்பாக நினைக்கக்கூடாது, பெரியவர்கள் யாராவது துணைக்கு வந்தால் சந்தோஷம் என்று எழுதியிருந்தார். அப்பா கடிதத்தை இரண்டு தடவை வாசித்துவிட்டு, காலம் கெட்டுக்கிடக்கிறது என்றார். மூன்றாம் தடவை வாசித்துவிட்டு, அக்கா போனால் போகலாம் என்றார்.

அந்தக் காலத்தில் ஆற்றுப் பாலத்துக்குத் தெற்கே, கொக்கிரகுளம் பக்கத்தில், கலெக்டர்களுக்குச் சமைத்துப் பேரெடுத்த பட்லர் ஒருவர் ஒரு பழைய பங்களாவை வாடகைக்குப் பிடித்துச் சாப்பாட்டு ஓட்டல் நடத்திக்கொண்டிருந்தார். ஓட்டல் என்றால் உள்ளே இல்லை, தோட்டத்தில். ஆற்றுவரைக்கும் இறங்குகிற தோட்டம். சரளைக்கல் நடைபாதை, தொட்டி தொட்டியாகக் குரோட்டன்ஸ், மாமரக் கிளைகளில் கண்ணாடிக் குண்டு விளக்குகள், ஒவ்வொரு மேசைக்கும் வெள்ளை விரிப்பு. மலையிலிருந்து இறங்குகிற எஸ்டேட் துரைமாரும் கோர்ட் வக்கீல்களும் வருகிற இடம். குடும்பத்தோடு வருகிறவர்களுக்காக முல்லைக்கொடி படர்ந்த மூங்கில் தட்டி போட்டு ஒரு மூலையை ஒதுக்கியிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில் நாங்கள் மூவரும் அங்கே போய் உட்கார்ந்தோம். நான் அதற்குமுன் நாற்காலியில் உட்கார்ந்து ஓர் ஆண்பிள்ளைக்கு எதிரே சாப்பிட்டதில்லை. என் கை கால் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

பட்லரே தலைப்பாகையும் வெள்ளைக் கோட்டுமாக வந்து, சூப்பு, கட்லெட், கோழி இஷ்டூ என்று வரிசையாகச் சொன்னார். அத்தை கொட்டானை எடுத்து வெள்ளை விரிப்பின் மேல் வைத்தாள். மூடியைத் திறந்தாள். புளிச்சோறு. பட்லர் அந்தக் கொட்டானைப் பார்த்த பார்வையை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை. மாப்பிள்ளையின் முகம் விழுந்துவிட்டது. என் ஒரு வேளைச் சாப்பாடு ஆகாதா பெரியம்மா, உங்களை என் தாய் ஸ்தானத்தில்தானே வைத்திருக்கிறேன் என்று மெதுவாகக் கேட்டார். அவர் பணிந்து கேட்கக் கேட்க எனக்கு உடம்பு கூசியது. ஊருக்கெல்லாம் இவளுடைய பிடிவாதம் பழக்கம், இவருக்கு அவமானமாகத்தானே படும். மேசைக்கு அடியில் அத்தையின் கையைப் பிடித்தேன். எனக்காகச் சாப்பிடுங்க அத்தை என்று கெஞ்சினேன்.

அவள் என்னை நன்றாகத் திரும்பிப் பார்த்தாள்.

"யோசிச்சுத்தான் சொல்லுதியாட்டி?"

"யோசிச்சுத்தான் சொல்லுதேன் அத்தே. ஒருநாள்தானே."

அத்தை கொட்டானை மூடிக் கீழே வைத்தாள். தட்டு வந்தது. கரண்டியையும் முள்ளையும் ஒதுக்கிவிட்டுக் கையாலேயே சாப்பிட்டாள். ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. இஷ்டூவை ரொட்டியால் துடைத்துச் சாப்பிட்டாள். மாப்பிள்ளையின் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கு எதையோ சாதித்துவிட்ட கர்வம். வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொல்லவேண்டும், அத்தை கை நனைத்துவிட்டாள், அதுவும் என் பேச்சுக்கு என்று.

அப்புறம் அவர் பேசினார். மில் குடியிருப்பில் வாய்க்கால் ஓரத்து வீடு கிடைத்திருக்கிறது, பின்வாசலைத் திறந்தால் பாபநாசம் மலை தெரியும் என்றார். எனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டார். என்னை அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. பதில் தெரியாமல், ரோஜா என்று சொல்லிவைத்தேன். உடனே பட்லரைக் கூப்பிட்டு ஒரு ரோஜாப் பதியன் தரமுடியுமா, வாய்க்கால் ஓரத்தில் வைக்கவேண்டும் என்று கேட்டார். அந்த நிமிஷத்தில் எனக்கு அவர்மேல் ஆசை வந்துவிட்டது. சொல்ல வெட்கமில்லை. அந்த வீட்டில் நான் பாத்திரம் துலக்குகிற இடம் வரைக்கும் மனசுக்குள் பார்த்துவிட்டேன்.

புட்டிங் வந்த பிறகு அவர் கொஞ்சம் தயங்கினார். மில் எந்திரச் சத்தத்தில் தன் இடது காது மந்தமாகிவிட்டது, பெரியப்பா இதைச் சொல்லவேண்டாம் என்றார், ஆனால் மறைத்துக் கட்டிக்கொள்ள மனசு கேட்கவில்லை என்றார். "நமக்குள்ள ஒளிவு மறைவு வேண்டாம். உங்க பக்கமும் ஏதாவது இருந்தா இப்பமே சொல்லிரலாம். எதுன்னாலும் எனக்குப் பரவாயில்ல" என்றார்.

சொல்லியிருக்கலாம். வாய்க்கால் ஓரத்து வீடு கண்முன்னால் நின்றது. ஒன்றும் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டுப் புட்டிங்கைச் சாப்பிட்டேன். அத்தை தண்ணீர்க் குவளையைக் கையில் பிடித்தபடியே இருந்தாள், குடிக்கவில்லை. வண்டியில் திரும்பி வரும்போது மூடிய கொட்டானை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். பழக்கமில்லாத சாப்பாடு வயிற்றுக்குச் சேரவில்லையோ என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை அத்தை குடையை எடுத்துக்கொண்டு முருகன்குறிச்சிக்குப் போனாள். யாருக்கோ வேதம் வாசிக்கப் போகிறாள் என்று இருந்துவிட்டேன்.

சனிக்கிழமை காலையில் அவரும் பெரியப்பாவும் வந்தார்கள். அப்பா சம்பந்தியை வரவேற்கிற முகத்தோடு எழுந்து போனார். பெரியப்பா உட்காரவில்லை. பெண்ணுக்கு வலிப்பு உண்டாமே என்றார். எவன் சொன்னான், கோயிலில் வந்து சொல்லச் சொல்லுங்கள் என்று அப்பா குதித்தார். பாவம், அவருக்குத் தெரியாது. உங்கள் அக்காதான் வீடு தேடி வந்து சொன்னார்கள் என்றார் பெரியப்பா. அப்பா என்னைப் பார்த்தார். நான் அத்தையின் அறைக் கதவைப் பார்த்தேன். அவள் கதவைத் திறந்துகொண்டு வந்து எல்லோருக்கும் நடுவில் நின்றாள். இல்லை என்று நான் சொல்லியிருந்தால் அவளைப் பொய்க்காரி ஆக்கியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மெய்தான், பன்னிரண்டு வயதோடு நின்றுவிட்டது என்றேன்.

பெரியப்பா வெளியே நடந்துவிட்டார். மாப்பிள்ளை மட்டும் ஒரு நிமிஷம் நின்றார். கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"அன்னைக்குத் தோட்டத்துல நான் கேட்டேன்லா" என்றார். அவ்வளவுதான். போய்விட்டார்.

அப்பா அன்று முழுவதும் அம்மாவின் படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அத்தையின் அறைக்குப் போனேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். எனக்கு அழுகை வரவில்லை, அடிக்கவேண்டும்போல் இருந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கக்கூடாதா என்று கேட்டேன்.

"சொன்னா நீ அழுவ. நீ அழுதா எனக்குக் கால் வராது. அந்தப் பையன் சோத்தத் தின்னுட்டு, அவன் ஏமாறுததைப் பாத்துக்கிட்டு இருக்கச் சொல்லுதியா? ஒருக்கா அப்பிடி இருந்து ஒரு குடும்பத்தையே தெருவுல விட்டவ நான்."

அவர் ஒரே ஒரு வேளைச் சோறு போட்டார், நாங்கள் இத்தனை வருஷம் உங்களோடு இருந்தோமே, அம்மா உங்கள் கையைப் பிடித்துக் கேட்டாளே, அது ஒன்றும் இல்லையா என்று கத்தினேன். அத்தை களைந்த தண்ணீரை வடித்தாள். மணி கேட்டால் மணி சொல்வதுபோலச் சொன்னாள்:

"உங்க வீட்டுல நான் என்னைக்குட்டி உப்புத் தின்னேன்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மாவின் மீன்குழம்பை அவள் தொடாமல் எழுந்துபோன ஒவ்வொரு தடவையும் எங்களைத் தள்ளிவைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். நாங்கள் அதை ஒரு வேடிக்கை என்று சிரித்துக்கொண்டிருந்தோம். சாவிக்கொத்தைக் கையில் திணித்தவளுக்கு என்மேல் பாசம் இல்லை என்று சொல்லமாட்டேன். இருந்தது. பாசம் இருந்தும் என் பக்கம் நிற்கிற கடமை தனக்கு இல்லை என்று அவள் வைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கடமையை வேறொருவருக்கு என் கையாலேயே எடுத்துக் கொடுத்தேன். அதுவும் கெஞ்சிக் கொடுத்தேன்.

மூன்றாவது ஓலை வாசிக்கப்படவில்லை. குருவானவர் வேறு இரண்டு ஜோடிகளின் பேரை வாசித்துவிட்டு ஏட்டை மூடினார். அன்று பீடத்தில் அப்பமும் திராட்சரசமும் கொடுக்கிற நற்கருணை ஞாயிறு. அத்தை எப்போதும்போல என் பக்கத்தில்தான் இருந்தாள். எங்கள் வரிசை முறை வந்ததும் எழுந்தாள், நானும் கூட எழுந்தேன். பீடத்தண்டை போய் முழங்காலிடுவதற்கு முன், யாரோடாவது மனத்தாங்கல் உள்ளவர்கள் அதைத் தீர்த்துக்கொண்டு வரவேண்டும் என்பது எங்கள் சபை ஒழுங்கு. அத்தை முழங்காலிட்டாள். நான் பாதி வழியில் திரும்பி, சபை முழுக்கப் பார்த்திருக்க வெளியே வந்துவிட்டேன். வலிப்புக்காரி வெட்கப்பட்டுப் போகிறாள் என்று பெண்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மாப்பிள்ளையாக வர இருந்தவரை நான் மன்னித்து ரொம்ப நாளாயிற்று. அவர் என்னை ஒரு சாயங்காலம் அறிந்தவர், நானும் அவரிடம் பொய்தான் சொன்னேன். அத்தை அதற்கப்புறம் ஒன்பது வருஷம் பக்கத்து அறையிலேயே இருந்தாள். நான் அவளோடு பேசாமல் இல்லை. காய்ச்சலில் தலையைப் பிடித்துவிட்டிருக்கிறேன், கண் மங்கின பிறகு அவளுக்காக வேதம் வாசித்திருக்கிறேன். கோயிலில் நற்கருணை நேரம் வந்தால் மட்டும் அவள் எழுந்து போவாள், நான் பெஞ்சிலேயே இருப்பேன். திரும்பி வரும்போது ஒவ்வொரு முறையும் என் முகத்தைப் பார்ப்பாள். ஒருமுறைகூட வா என்று கூப்பிட்டதில்லை. ஏன் வரவில்லை என்றும் கேட்டதில்லை. அவளுக்குத் தெரியும்.

அவளை அடக்கம் பண்ணின அடுத்த மாதம் நான் பீடத்தண்டை போய் முழங்காலிட்டேன். மனத்தாங்கல் தீர்ந்து போனேன் என்று சபையில் எல்லோரும் நினைத்தார்கள். தீரவில்லை. அவள் இல்லாத இடத்தில் யாரோடு தீர்த்துக்கொள்வது என்று தெரியாமல்தான் போனேன்.